முதலில் யார் போவது?



மலைப்பிரசங்கத்திலே நம் ஆண்டவர் ஒரு மனிதனைக் காட்டுகிறார். மத்தேயு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் அவனைக் காணலாம். காணிக்கையோடு பீடத்தின் முன் வந்து நிற்கிறான். அந்த நேரத்தில் ஒரு சகோதரனின் ஞாபகம் வருகிறது. ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். காணிக்கை அங்கேயே கிடக்கட்டும், முதலில் போய்ச் சமாதானமாகி வா என்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அந்த மனிதனுக்குத் தன் சகோதரன்மேல் கோபம் இருந்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. சகோதரனுக்கே அவன்மேல் மனத்தாங்கல். புண்பட்டவன் வீட்டில் இருக்கிறான். புண்படுத்தியவன் கோயிலில் நிற்கிறான். முதலில் யார் போவது? கோயிலில் நிற்பவனே போகவேண்டும்.

ஆண்டுதோறும் தை மாதம் 18ஆம் திகதி முதல் 25ஆம் திகதி வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். நம் பாட்டன்மார் புரட்டஸ்தாந்து சபையாரைப் 'பதிதர்' என்றார்கள். அவர்களுடைய ஆலயப் படியை மிதிப்பதே பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1964 நவம்பர் 21ஆம் திகதி இரண்டாவது வத்திக்கான் சங்கம் ஒன்றிப்புப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அதில் அவர்கள் நமக்குப் பிரிந்த சகோதரர் ஆனார்கள். அதுமட்டுமல்ல, ஒற்றுமைக்கு எதிராக நாம் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடமும் அந்தச் சகோதரரிடமும் சங்கம் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டது. உலகமெங்கும் பரந்த திருச்சபை காணிக்கையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தது என்றே சொல்லலாம்.

அந்தப் பிரிந்த சகோதரருள் ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறேன். அவர் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1962 முதல் 1983 வரை குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தை நடத்தியவர். கண்டிய கட்டடப் பாணியில் எழுந்த அவருடைய பேராலயத்தைக் குருநாகலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய மறைமாவட்டத்து இப்பாகமுவையில்தான், அங்கிலிக்கன் குருவான யோகான் தேவானந்த தேவசரண ஆச்சிரமத்தை நடத்தி, ஏழை விவசாயிகளோடு தரையில் அமர்ந்து சுவிசேஷத்தைத் தியானித்தார். ஆயரோ குடிசார் உரிமை இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். விசுவாசம் கோயில் சுவருக்குள் அடங்கிவிடக்கூடாது என்பதே அவர்களுடைய எண்ணம்.

1983 யூலை மாதம் வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த குடும்பங்களுக்கு நான் அதை விவரிக்க வேண்டியதில்லை. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பாடசாலைகள் அகதி முகாம்களாயின. உடுத்த உடையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள்.

ஆயர் லக்ஷ்மன் ஒரு கடைக்கும் தீ வைத்தவரல்லர். தாம் தவறு செய்யவில்லை என்று சொல்லிச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு பொதுவான கண்டன அறிக்கையோடு நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நடந்தது தம் இனத்தின் பெயரால் நடந்த பாவம் என்றார். சிங்கள மக்கள் வெட்கப்படவேண்டும், தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தம் சபையாருக்கு ஆற்றிய கடைசி மேய்ப்புரையில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி, 56 வயதில், காலமானார்.

இதெல்லாம் அரசியல், கோயிலில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இல்லை, பிரியமானவர்களே. இது நாம் சிறுவயதில் படித்த ஞானோபதேசம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். தனி ஒருவனுடைய பாவத்துக்கு இந்தப் படிகளை அறிவோம். ஒரு சமூகத்தின் பாவத்துக்கும் இவை உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, தவக்காலத்து முதல் ஞாயிறன்று, பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் புனித இராயப்பர் பேராலயத்திலே திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு மன்றாடினார். அப்பாவங்களை அவரா செய்தார்?

நமக்கும் அச்சகோதரருக்கும் வேற்றுமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரே பீடத்தில் இன்னும் நற்கருணை உட்கொள்ள முடியாமல் இருக்கிறோம். அந்த வேதனையை மறைக்கவும் கூடாது. ஆனால் இரு தரப்பாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995 முதல் நம் கையில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு காலையில், கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் நம்மவரும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிரிந்த சகோதரரும் அவர்களுடைய பிள்ளைகளும் இரத்தம் சிந்தினார்கள். கொல்ல வந்தவன் நீ எந்தச் சபை என்று கேட்கவில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஆயர் லக்ஷ்மனைப் போல ஒருவர் வந்து நம்மிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று காத்திருப்பது எளிது. நமக்கு அதற்கு உரிமையும் உண்டு. ஆனால் நம்மேல் மனத்தாங்கலோடு இருப்பவர் யார்?

வெள்ளவத்தையில் ஒரு மூதாட்டியைச் சந்திக்கச் சென்றிருந்தேன். 83இல் வீட்டை இழந்தவர். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆயர் லக்ஷ்மனைப் பற்றிய பேச்சு வந்தது. அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சுவாமி, எனக்கும் ஒரு ஆள் இருக்கு" என்றார்.

அவர் வீட்டில் வேலைக்கு நின்ற மலையகப் பெண் ஒருத்தி. சங்கிலி ஒன்று காணாமற்போனது. அவள்மேல் பழிபோட்டு, சம்பளமும் கொடாமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழமைக்குப் பின் சங்கிலி தலையணை உறைக்குள் கிடந்தது. ஆனால் யாரும் அவளைத் தேடிப் போகவில்லை. "மற்றவை வந்து என்னட்டை மன்னிப்புக் கேட்கோணும் எண்டு இவ்வளவு காலமும் இருந்தன் சுவாமி. இவளிட்டை நான் போகேல்லை."

அந்தப் பெண் இப்போது கொட்டாஞ்சேனையில் மகளோடு இருப்பதாகத் தெரியவந்தது. அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகும் வழியில், கோயிலுக்கு முன் அந்த வீட்டுக்குப் போனார். கொடாத சம்பளத்தையும் ஒரு உறையில் வைத்துக் கொண்டு போனார். அந்தப் பெண் சொன்ன பதில் இது: "மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேம்மா. ஆனா நீங்க வந்தீங்களே. உக்காருங்க."

பெரிய அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. போன காலம் திரும்பவும் இல்லை. ஆனால் அன்று அந்தோனியாருக்கு ஏற்றிய மெழுகுதிரி, தன் வாழ்நாளில் ஏற்றிய முதல் மெழுகுதிரி போல இருந்தது என்றார் அம்மா.

அன்பானவர்களே, தமிழராகிய நமக்கும் பட்டியல் உண்டு. மலையக மக்களைக் குறைவாகப் பேசியது உண்டு. சாதி பார்த்துக் கோயிலுக்குள்ளும் இடம் ஒதுக்கியது உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் விரட்டப்பட்டபோது நம்மில் பலர் மௌனமாக இருந்தோம். நான் செய்யவில்லையே என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயர் லக்ஷ்மனும் அதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன், இன்று இரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், ஒரு கேள்வியை வீட்டிலே கேளுங்கள்: நம்மேல் மனத்தாங்கலோடு இருப்பவர் யார்? ஒரு பெயர் வந்தால் போதும். காணிக்கை காத்திருக்கும். ஆண்டவரும் காத்திருப்பார். நாம் போய்வருவோம்.

பிரிந்தவர்களை ஒன்றுசேர்க்கும் ஆண்டவரே, மன்னிப்புக் கேட்கும் தைரியத்தை முதலில் எங்களுக்குத் தாரும். ஆமென்.