சரிதையாசிரியரும் சாட்சிகளும்

பெருமகன் ஒருவனின் வாழ்க்கையை எழுதப் புகும் வரலாற்றாசிரியன் அவனிடத்து அன்பு கொள்ளாதிருத்தல் அரிது. அன்பில்லாதவன் பல்லாண்டுகளாக இன்னொருவனின் கடிதக் கட்டுகளோடும் கணக்கேடுகளோடும் காலங் கழிக்கமாட்டான். ஆனால் அவ்வன்பு எந்த எல்லைவரை அறமாகும்? எவ்விடத்தில் அது பிறருக்கு இழைக்கும் அநீதியாகின்றது? டூமாஸ் மலோன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியரின் வாழ்நாட்பணி இவ்வினாவை நம்முன் கொணர்ந்து நிறுத்துகின்றது.

1892இல் பிறந்த மலோன், அமெரிக்கப் பெருமக்களின் வரலாறுகளைத் தொகுத்துரைக்கும் பேரகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவராயிருந்தவர். பின்னர் தோமஸ் ஜெபர்சனின் சரிதையை ஆறு பெருந்தொகுதிகளாக எழுதினார். முதலாவது 1948இலும் இறுதியானது 1981இலும் வெளிவந்தன. முதல் ஐந்துக்கும் 1975இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. கடைசித் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்பது. கண்பார்வையும் பெரிதும் குன்றியிருந்தது. ஐந்து பக்கக் கட்டுரைக்கே அலுத்துக்கொள்ளும் மாணவரும், அதைத் திருத்த அலுத்துக்கொள்ளும் ஆசிரியராகிய நாமும் இவ்வுழைப்பின் முன் தலைவணங்கத்தான் வேண்டும்.

எனினும், மனிதர் யாவரும் சமம் என்று 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் வரைந்த ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராயிருந்தார். அவர்களுள் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். 'ஒருத்தி' என்று நம்மையறியாமலே எழுதிவிட்டோம். எசமானை 'அவர்' என்று எழுதிய அதே பேனாதான் இதையும் எழுதிற்று. திருத்திக் கொள்வோம்: அவர்களுள் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனின் காலஞ்சென்ற மனைவியின் தந்தைக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர் அவர் என்பர். 1787இல், பதினான்கு வயதளவில், ஜெபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார்.

அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்சனே என்று 1802இல் ஒரு பத்திரிகை எழுதியது. எழுதியவன் ஜெபர்சன்மீது பகை கொண்டவன். ஆதலின் அதை ஒருபுறம் வைத்து விடலாம். ஆனால் 1873இல் சாலியின் மகன் மடிசன் ஹெமிங்ஸ், ஒகையோ மாநிலப் பத்திரிகையொன்றில், தம் தந்தை ஜெபர்சன் என்று வெளிப்படையாகக் கூறினார். பிரான்சில் தாம் விடுதலை பெறலாம் என்பதை அறிந்த தாயார் திரும்பிவர மறுத்தாரென்றும், பிறக்கும் பிள்ளைகள் இருபத்தொரு வயதில் விடுவிக்கப்படுவர் என்று வாக்குறுதி பெற்ற பின்பே உடன்பட்டாரென்றும் அவர் சொன்னார். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளோ, அவருடைய சகோதரியின் புதல்வரான கார் சகோதரர்மீது பழியைச் சுமத்தினர்.

மலோன் பேரப்பிள்ளைகளின் பக்கம் நின்றார். 1970இல் வெளிவந்த நான்காந் தொகுதியின் பிற்சேர்க்கையொன்றில் இதனை ஆராய்ந்து மறுத்தார். இத்தகைய நடத்தை ஜெபர்சனின் குணவியல்புக்கு ஒவ்வாது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. ஜெபர்சன் எந்நாளில் எங்கிருந்தார் என்பதை அவரளவுக்கு ஒழுங்குபடுத்தியவர் இல்லை. அந்நாட்களையும் ஹெமிங்ஸ் பிள்ளைகளின் பிறப்பையும் ஒப்பிட்டோர் கண்டது யாதெனில், ஒவ்வொரு பிள்ளையும் கருவுற்ற காலத்தில் ஜெபர்சன் மொன்ரிசெலோ மாளிகையில் இருந்தார் என்பதே.

1997இல் அனெற் கோர்டன் றீட் என்னும் சட்டப் பேராசிரியை ஒரு நூல் எழுதினார். சட்டம் பயின்றவருக்குரிய முறையில், சாட்சிகள் எவ்வாறு விசாரிக்கப்பட்டனர் என்பதையே அவர் முதலில் நோக்கினார். அடிமையின் மகன் கூறியதை வரலாற்றாசிரியர் வரிவரியாகக் குறுக்குவிசாரணை செய்தனர். எசமானின் பேரன் கூறியதைக் கைகட்டிக் கேட்டனர். அடுத்த ஆண்டில் மரபணுச் சோதனை நடைபெற்றது. சாலியின் கடைசி மகன் எஸ்ரனின் வழித்தோன்றலிடம் ஜெபர்சன் குலத்து ஆண்வழிக் கூறு காணப்பட்டது. கார் குலத்துக் கூறு காணப்படவில்லை. அக்குலத்தின் எந்த ஆண் என்பதை அச்சோதனை மட்டும் சொல்லாது. ஆயினும் ஏனைய சான்றுகளையுஞ் சேர்த்துப் பார்த்து, மொன்ரிசெலோவைப் பேணும் நிறுவனமே 2000ஆம் ஆண்டில் ஜெபர்சனே தந்தையாயிருத்தல் பெரிதும் சாத்தியம் என்று முடிவுசெய்தது. ஏற்காதோர் இன்றுமுளர்.

மலோன் பொய்யரா? அவ்வாறு கூற மாட்டோம். அவர் ஆவணத்தை ஒளித்தவரல்லர். 'அவர் அப்படிச் செய்யார்' என்ற நேசவுரையைச் சான்றின் தட்டில் வைத்து நிறுத்தார். அதுவே அவர் பிழை. மனிதரை விற்கவும் வாங்கவும் உடன்பட்ட குணவியல்பு, இதற்கு மட்டும் எங்ஙனம் உடன்படாதாயிற்று? இறந்தவரின் மானத்தைக் காப்பது கடமையென்பர். மடிசனும் இறந்தவர்தாமே! ஒருவருக்குக் காட்டிய பரிவு மற்றவரைப் பொய்யராக்கிற்று. தந்தையால் பகிரங்கமாக ஏற்கப்படாத மகன் வரலாற்றின் கையாலும் ஒருமுறை தள்ளப்பட்டார். இவ்வுறவைச் சிலர் இன்று காதற்கதையாக்கி மகிழ்வதும் நமக்கு உவப்பன்று. மறுக்கும் உரிமை சட்டத்தில் இல்லாத ஒருவரின் இசைவை எச்சொல்லால் குறிப்பது?

1826இல் ஜெபர்சன் இறந்தபோது, மடிசனும் எஸ்ரனும் உள்ளிட்ட ஐவரை மரணசாசனம் விடுவித்தது. சாலியின் பெயர் அதில் இல்லை. கடனைத் தீர்ப்பதற்காக மறு ஆண்டு மொன்ரிசெலோவில் ஏலம் நிகழ்ந்தது. ஏறத்தாழ நூற்றுமுப்பது பேர் விலைகூறப்பட்டனர். மடிசன் தச்சுத் தொழில் செய்து வாழ்ந்து, 1877இல் ஒகையோவில் மறைந்தார். அவர் சொல்லிச் சென்ற வரலாறு சில பத்திகளுக்குள் அடங்கியது.