அலமாரி மாறிப் படிப்பவர்

பஸ்ஸில் போகிறவருக்கு விக்கிரவாண்டி ஒரு டோல்கேட். தஞ்சாவூர் சாலை பிரிகிற இடம். பாதி டீயை வைத்துவிட்டு, "வண்டி எடுத்துட்டான், ஏறு ஏறு" என்று ஓடுகிற இடம்.

வரலாறு படித்தவருக்கு அது போர்க்களம். 1752இல் ஆங்கிலேயத் தளபதி மேஜர் கின்னீர் செஞ்சியைப் பிடிக்கப் படையோடு வந்தார். கோட்டையைப் பார்த்தார். ஆகிற காரியமில்லை என்று திரும்பினார். விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படை காத்திருந்தது. கின்னீர் மோதித் தோற்றார். சில வாரங்களில் பாகூரில் ஆங்கிலேயர் பழி தீர்த்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

சாலை ஒன்றுதான். ஒருவர் கண்ணில் படுவது வரிசையில் நிற்கும் வண்டிகள். இன்னொருவர் கண்ணில் படுவது 270 ஆண்டுப் புழுதி.

அந்த இன்னொருவராக இருக்க எல்லோரையும்விட அதிக வாய்ப்பு யாருக்கு? நூலகருக்கு. பகலெல்லாம் அவர் புத்தகங்களைப் பிரித்து வைக்கிறார்: வரலாறு அங்கே, நாவல் இங்கே, சமூகம் அந்த மூலையில். பிரித்து வைக்காவிட்டால் தேடி எடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்ந்து படிக்கும்போது அவரே அவற்றைக் கலந்துவிடுகிறார். கலக்காவிட்டால் ஒன்றும் புரியாது.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த சில நாட்களிலேயே அலுத்துப்போய், என் வகுப்பறையே போதும் என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர். (முதல் வாரத்தில் அலுத்த வேலையை உடனே விட்டுவிடாதீர்கள் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.) பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே தகடு, அதே சக்கரம், அதே நட்டு, போல்ட்டு. ஒருமுறை ஒரு பொம்மை. கழற்றிப் பூட்டினால் வேறொன்று. கூட்டத்தில் நின்ற கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டியது. அறிவையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, வேண்டியபடி பூட்டிக்கொண்டால் என்ன? 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு விதை அதுதான். கோலன் என்கிற முக்காற்புள்ளிதான் அவருடைய நட்டு, போல்ட்டு.

துண்டுகள் நூலகத்தில் இருக்கின்றன. பூட்டுவது உங்கள் வேலை.

ஒன்றைப் பூட்டிப் பார்ப்போமா? கின்னீர் தோற்ற கதை வரலாற்று அலமாரியில் இருக்கிறது. யார் வந்தார், யார் ஜெயித்தார் என்பதோடு அது நின்றுவிடும். பக்கத்து அலமாரிக்குப் போய்ப் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலை எடுங்கள். 'வானம் வசப்படும்' நாவலையும் சேர்த்து எடுங்கள். 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இரண்டும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் பிரெஞ்சுப் புதுச்சேரியைக் காட்டுபவை. தளபதிகளின் பெயருக்குப் பின்னால் இருந்த வீடுகளும் சந்தைகளும் மனிதர்களும் எழுந்து வருவார்கள். வரலாறு தேதியைக் கொடுத்தது. கதை வேர்வையைக் கொடுக்கிறது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இன்னொரு துண்டு. 1994இல் வந்தது, எழுதியவர் விக்கிரவாண்டிக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. அடுக்கின் அடியில் இருப்பவர்களுக்கும் அடியில் ஒரு அடுக்கு. சமூகவியல் நூல் இதை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடும். நாவல் அந்த அழுக்கு மூட்டையை உங்கள் தலையில் தூக்கி வைக்கும். ஆனால் அந்தப் பத்தியும் வேண்டும். நாவல் கனத்தைச் சொல்லும், மூட்டையைக் கட்டியது யார் என்பதைப் பத்திதான் விளக்கும்.

ஒரே அலமாரியில் ஆயிரம் புத்தகம் படித்தவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருப்பார். மூன்று அலமாரியில் முப்பது புத்தகம் படித்தவர் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்பார். பேச்சுத் துணைக்கு நான் இரண்டாமவரைத்தான் தேடுவேன்.

உங்கள் அலமாரி எது? வழக்கமாக எங்கே போய் நிற்கிறீர்கள்? கால் தானாகப் போகும் திசை உங்களுக்கே தெரியும். இன்று எதிர்த் திசையில் நாலு எட்டு வையுங்கள். தெரியாத பெயரில் ஒன்றை எடுங்கள். பத்துப் பக்கம் ஓடவில்லை என்றால் திருப்பி வையுங்கள். நூலகர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓடினால், அவரிடமே கேளுங்கள்: "இதோட சேர்த்துப் படிக்க வேற என்ன இருக்கு?" இந்தக் கேள்விக்காகத்தான் அவர் மேஜையில் காத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அந்த அலமாரிகளில் உங்கள் காசும் இருக்கிறது. இந்த வாரம் அதை எந்த அலமாரியிலிருந்து வசூலிக்கப் போகிறீர்கள்?