பணம் தந்தவனும் விதை தந்தவனும்

ஒரு நெல்லினத்தை உருவாக்கப் பணம் கொடுத்தவருக்கு அந்த நெல்லின்மீது என்ன உரிமை உண்டு? கொடுத்துவந்த பணத்தை இடைநடுவில் நிறுத்திக்கொள்வதும் அந்த உரிமைக்குள் அடங்குமா? இவை பொருளியலாளர்களுக்குரிய கேள்விகள் என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நான் இவற்றை ஒழுக்கம் சார்ந்த கேள்விகளாகவே காண்கிறேன். சோற்றில் கை வைக்கும் எவரும் இவற்றுக்கு வெளியே நிற்க முடியாது.

முதலில் பணத்தின் கதை. 1960இல் பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது, அதற்கு முதலிட்டவை அமெரிக்காவின் போர்ட், றொக்பெல்லர் மன்றங்கள். பிலிப்பைன்ஸ் அரசு துணை நின்றது. 1966இல் அங்கிருந்து ஐ.ஆர்.8 வெளிவந்தது. 1971இல் உலக வங்கியும் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து, இத்தகைய நிலையங்களுக்கு நிதி திரட்டும் சர்வதேச ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தன. பல நாடுகள் ஒரே பெட்டியில் பணம் போடும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

இந்த ஈகையின் பின்னால் அரசியல் இருக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 'பசுமைப் புரட்சி' என்ற சொல்லை 1968இல் வழங்கியவர் அமெரிக்க உதவி முகவரகமான யூ.எஸ்.எயிட்டின் தலைவராயிருந்த வில்லியம் காட். சிவப்புப் புரட்சிக்கு மாற்றாகவே அவர் அதைச் சொன்னார். இதைச் சுட்டிக்காட்டி, அந்த நெல்லே ஒரு சூழ்ச்சி என்று வாதிடும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களோடு நான் முழுவதும் உடன்படுவதில்லை. கொடுத்தவனின் நோக்கம் அவனுடைய கணக்கில் எழுதப்படும். உண்டவனின் பசி தீர்ந்தது என்பது வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது.

ஆனால், எது ஆராயப்படும், எது காத்திருக்கும் என்பதில் கொடுத்தவனின் நோக்கத்துக்குப் பங்கிருந்தது. குளமும் வாய்க்காலும் உரமும் உள்ள வயலுக்கே முதலில் நெல் செய்யப்பட்டது. வானம் பார்த்த பூமிக்காரன் நெடுங்காலம் காத்திருந்தான். குரக்கனும் சாமையும் அவனோடு சேர்ந்து காத்திருந்தன. பணத்தின் குரல் முதலில் கேட்கும் இடத்தில் ஏழையின் தேவை பின்வரிசைக்குப் போவது புதினமல்ல.

இனி விதையின் கதை. ஐ.ஆர்.8 ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. இந்தோனேசியாவின் பேட்டா என்ற உயர்ந்த நெல்லும், தாய்வானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லும் அதன் பெற்றோர். அதற்கு முன்பே நமது பத்தலகொடை நிலையம் தந்த எச்-4 நெல்லும், நமது முருங்கைக்காயனும் இந்தோனேசியாவின் மாஸும் சேர்ந்து பிறந்த பிள்ளைதான்.

நம்மவர்கள் அறக்கொட்டி என்று சொல்லும் கபிலநிறத் தத்தி 1970களில் தென்கிழக்காசிய வயல்களை எரித்துவிட்டது போல் காயவைத்தது. புதிய நெல்லினங்களின் எதிர்ப்புச் சக்தியைச் சில வருடங்களிலேயே அப்பூச்சி முறியடித்தது. தாக்குப்பிடிக்கும் நெல்லைத் தேடிய விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று இலங்கையின் பாரம்பரிய இனமான ரத்து ஹீனட்டி. பிற்காலத்தில் தாய்லாந்து விஞ்ஞானிகள் தங்கள் புகழ்பெற்ற மல்லிகை அரிசியினுள் இதே ரத்து ஹீனட்டியின் பண்பைப் புகுத்தினர். புல்லுக்குட்டை வைரசுக்கு மருந்தாக, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தபின் அகப்பட்டது, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரேயொரு காட்டு நெல். அதன் வாரிசாகவே 1976இல் ஐ.ஆர்.36 வந்தது.

தரம் பத்து வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்த நெல்லக் குடுத்த ஆள்ர பேரென்ன சேர்?"

அதற்கு யாரிடமும் பதிலில்லை. பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் ஆண்டறிக்கைகளில் வரிசையாக அச்சாகின்றன. தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து, மறு போகத்துக்கு விதைநெல் கட்டிவைத்த கிழவிக்கு விதைக் களஞ்சியத்தில் ஓர் இலக்கம் மட்டுமே உண்டு. லொஸ் பானோஸ் களஞ்சியத்தில் இன்று 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. அவ்வளவும் இத்தகைய பெயரற்றவர்களின் முதலீடு.

ஆகவே, இதில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இருசாரார் இருப்பதாக நான் கருதவில்லை. இது கூட்டு வேளாண்மை. ஒருவன் காசு போட்டான், ஒருவன் விதை போட்டான், ஒருவன் அறிவு போட்டான். 1994இல் இந்தச் சர்வதேச நிலையங்கள் உணவு விவசாய நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, தம்மிடமுள்ள விதைகள் தமக்குச் சொந்தமானவையல்ல, உலக சமுதாயத்துக்காகப் பொறுப்பேற்று வைத்திருப்பவையே என்று ஒப்புக்கொண்டன. நமது பேச்சில் இதற்கு அமானிதம் என்று பெயர். 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த தாவர மரபு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையும் இந்த வழியில் வந்ததே.

அமானிதத்தின் பெறுமதி ஆபத்தில்தான் தெரியும். சிரியாவின் அலெப்போ நகருக்கருகே, வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச நிலையத்தின் விதைக் களஞ்சியம் இருந்தது. கோதுமையும் பார்லியும் பருப்பும் அதன் செல்வங்கள். யுத்தம் அந்நிலத்தைச் சூழுமுன்பே அவற்றின் பிரதிகள் நோர்வே அரசு வடதுருவத்துக்கு அண்மையில் கட்டிய ஸ்வால்பார்ட் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. 2015இல் அவை மீளப் பெறப்பட்டு லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைக்கப்பட்டன. 2017இல் புதிய விதைகள் மீண்டும் அங்கு போய்ச் சேர்ந்தன. வாங்கியதைப் பெருக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அரபு உழவனின் கோதுமையை நோர்வேயின் பனிமலை காத்துக்கொடுத்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நானறியேன்.

இதற்கு மறுதலையானதையும் கண்டோம். 2025இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் யூ.எஸ்.எயிட்டும் மூடப்பட்டது. ஏழை நாடுகளின் பயிர்களுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதன் பணத்தில் இயங்கிய ஆய்வு நிலையங்களுக்கும் வேலையை நிறுத்துமாறு கட்டளை போயிற்று. 'எங்கள் மக்களின் வரிப்பணம், எங்கள் விருப்பம்' என்பது அவர்கள் வாதம். அது வெறும் வாதமல்ல. தன் காசைத் தன் பிள்ளைகளுக்குச் செலவிட எவனுக்கும் உரிமையுண்டு. புதிதாக ஒன்றைத் தொடங்காதிருக்கவும் உரிமையுண்டு. ஆனால் ஒரு நெல்லினம் ஒட்டு முதல் வயல் வரை வந்துசேரச் சுமார் பத்து வருடங்களாகும். நெல் குடலைப்பருவத்தில் நிற்கையில் மேல்வயற்காரன் வாய்க்காலை மறித்துவிட்டு, 'மண்வெட்டி என்னுடையது' என்று சொன்னால் நமது வட்டையில் யாரும் ஒப்பமாட்டார்கள். கூட்டில் சேராதிருப்பது ஒன்று, சேர்ந்தபின் போகத்தின் நடுவில் விலகுவது இன்னொன்று.

நியாயம் ஒருபக்கமாகப் பேசக்கூடாது. நம் பக்கத்துக்கும் கடமையுண்டு. 2021இல் இங்கு இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது, உரத்துக்கென்றே உருவாக்கிய நெல்லை வளர்க்கும் உழவனிடமும் கேட்கவில்லை, நமது விவசாய விஞ்ஞானிகள் சொன்னதையும் கேட்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. சொந்த நாட்டின் அறிவை மதிக்காதவர்கள் அந்நியரின் உதவி நின்றதற்காக மட்டும் அழுவதில் அர்த்தமில்லை. பத்தலகொடைக்கு ஒதுக்கும் ரூபாயும் இந்தக் கூட்டில் நாம் போடும் பங்குதான்.

மறுக்கும் உரிமையும் பங்காளிக்கு வேண்டும். விற்றமின் ஏ குறைபாட்டுக்கென மரபணு மாற்றிய பொன்னரிசி 2000இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் பிலிப்பைன்ஸ் அதைப் பயிரிட அனுமதித்தது. 2024இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. தீர்ப்புச் சரியா பிழையா என்பதில் அறிஞர்கள் முரண்படலாம். பார்வையிழக்கும் குழந்தையை நினைத்தால் தாமதம் கொடுமையாகவே எனக்குப் படுகிறது. எனினும், உண்ணப்போகிறவன் கேள்வி கேட்பதை நன்றிகெட்டதனம் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. கூட்டாளி என்றால் அவனுக்கு வாயும் இருக்கும்.

பணம் தந்தவனுக்கு நன்றி சொல்வோம், தயக்கமின்றிச் சொல்வோம். ஆனால் அந்த நன்றியை அவனுக்கு முன்பே விதை தந்துவிட்டுப் போன பெயரற்றவர்களோடு பங்கிட்டே சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்தபோது நிபந்தனை வைக்கவில்லை. இனி நிறுத்திக்கொள்ளவும் அவர்களால் முடியாது.