ஒப்புமையால் அறிவது அறிவாகுமா?

சீடன்: குருவே, பாரிஸ் அருகே பலேசோவில் அந்துவான் புரோவேஸ் குழுவினர் 196 ரூபிடியம் அணுக்களை வரிசையாக நிறுத்திக் காந்தவியலை ஆராய்ந்ததாக, 2021-இல் வெளிவந்த ஆய்வில் படித்தேன். காந்தமல்லாத ஒன்றைக்கொண்டு காந்தத்தை அறிவது எப்படி?

குரு: காந்தத்தில் நீ அறிய விரும்புவது எதை?

சீடன்: உள்ளிருக்கும் தற்சுழற்சிகள் மேலும் கீழுமாக எப்படி அணிவகுக்கின்றன என்பதை.

குரு: அப்படியானால் இரண்டு நிலைகளும் அண்டையோடு ஓர் உறவும் இருந்தால் போதும். அங்கே ஒவ்வோர் அணுவையும் ஓர் ஒளி இடுக்கி பிடித்து நிறுத்துகிறது. இடைவெளி சுமார் 10 மைக்ரோமீட்டர். தரைநிலையில் இருக்கும் அணு ‘கீழ்’. லேசர் அதை 75-ஆம் மட்டத்துக்கு ஏற்றினால் ‘மேல்’. அதுவே ரிட்பெர்க் நிலை. ஒன்று ஏறிவிட்டால், பக்கத்து அணு ஏறத் தேவையான ஆற்றல் மாறிவிடுகிறது. அதே லேசரால் அதை ஏற்ற முடிவதில்லை.

சீடன்: ஒன்று மேல் என்றால் அடுத்தது கீழ். எதிர்ஃபெர்ரோ காந்தத்தின் ஒழுங்கு அதுதானே!

குரு: அதுதான். கடைசியில், இடையில் அணைத்த இடுக்கிகளை மீண்டும் இயக்கிப் படம் எடுக்கிறார்கள். தரைநிலை அணுக்கள் சிக்கி ஒளிர்கின்றன. ஏறியவை தப்பிவிட, அவற்றின் இடம் இருண்டு தெரிகிறது. ஒளி, இருள், ஒளி, இருள்.

சீடன்: இதைக் கணினியே கணக்கிடாதா?

குரு: 196 அணுக்கள் இருக்கக்கூடிய அமைப்புகளை எண்ணினால், 1-ஐ அடுத்து 59 சுழியங்கள் வரும். பூமியில் அத்தனை அணுக்களே இல்லை. குவாண்டம் இயற்கையை நிகழ்த்திப் பார்க்கக் குவாண்டம் கருவியே வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1981-இல் வலியுறுத்தியது இதனால்தான்.

சீடன்: கணக்கிட முடியாத விடைக்குச் சாட்சி ஏது?

குரு: சுமார் 100 அணுக்கள் வரை கணினியும் ஈடுகொடுத்தது, இரண்டின் விடைகளும் நன்கு ஒத்தன. அதற்கு மேல் அனுமானம். அதற்கும் ஆதாரம் உண்டு: அணுக்கள் கூடினாலும் விதி மாறுவதில்லை. பிழைகள் கூடலாம், அவற்றை அளந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

சீடன்: அப்படியென்றால் நாம் அறிந்தது காந்தத்தையா, ரூபிடியத்தையா?

குரு: இரண்டும் பணியும் விதியை. அறிவதற்கு வழியாக மணிமேகலை பேசும் அளவைகளில் உவமையும் ஒன்று. பசுவைப் போன்றது ஆமா என்னும் காட்டுமாடு என்று கேட்டவன், காட்டில் ஆமாவைக் கண்டபோதுதான் தெளிந்தான். இங்கும் உண்மையான காந்தப் படிகத்தை அளந்து பார்த்தே தெளிய வேண்டும்; அதில் வேறு உறவுகளும் கலந்திருக்கும்.

சீடன்: படிகத்திடமே போக வேண்டுமென்றால், இந்த அணுக்கள் எதற்கு?

குரு: படிகத்தில் எல்லா உறவுகளும் சேர்ந்தே வருகின்றன, எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். இங்கே இடைவெளியும் லேசரின் வலுவும் நம் கையில் இருக்கின்றன. ஓர் உறவை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். அதிலிருந்தே ஒழுங்கு பிறந்தால், வேறொன்றும் தேவையில்லை என்று உறுதியாகிறது.

சீடன்: புரிகிறது, குருவே. காந்தத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் படிகம் சொல்லும். அது நிகழ எது போதும் என்பதை இந்த அணுக்கள் சொல்லும்.