பேணுதலும் பெருமையும்

ஒரு பொருள் எப்போது பழம்பொருள் ஆகிறது? மனிதர் மனத்தில் இதற்கு விடைகள் பல இருக்கலாம். மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் திட்டமாக ஒரு விடையைக் கூறிவிட்டது. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’ என்னும் தகுதியைப் பெறுகின்றன. 20,000 ரூபாய் கட்டணம் செலுத்தினால் ‘விஏ’ என்னும் எழுத்துகள் தாங்கிய தனிப் பதிவெண் கிடைக்கும்; அது பத்தாண்டுகள் செல்லும். ஆனால் அவ்வண்டியை அன்றாட அலுவலுக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, ஆய்வு, பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல், பழைய கார்களின் உலா ஆகியவற்றுக்கு மட்டுமே அது சாலையில் இறங்கலாம்.

ஐம்பது ஆண்டுகள் உழைத்த வண்டியைச் சட்டம் உழைப்பிலிருந்து விலக்கிக் காட்சிக்கு மட்டும் வெளியே விடுகிறது. நம் கேள்வியும் இங்கேதான் தொடங்குகிறது. உழைப்பு நீங்கிய பின் எஞ்சுவது காட்சி மட்டுந்தானா? அங்ஙனமாயின், இத்தகைய உலாவில் முதன்முறையாகச் சேர விரும்பும் ஒருவர் நாடுவது யாது? பேணுதலா, பெருமையா?

சேலத்தில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இக்கேள்வி அண்மையில் வீட்டுக் கூடத்திலேயே எழுந்தது. அவர்களுடைய அத்தா ஜவுளி வணிகம் செய்தவர். 1968இல் அவர் வாங்கிய பியட் 1100 கார், அவரும் அவர் துணைவியாரும் மறைந்த பிறகும் வீட்டின் ஓரக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறது. ஆண்மக்கள் இருவர், பெண் ஒருவர். சேலத்திலிருந்து நாமக்கல் வரை சென்று திரும்பும் பழைய கார் உலா ஒன்றுக்கு இளையவருக்கு அழைப்பு வந்தது. “அண்ணே, ஒரு தடவையாவது அத்தாவின் வண்டியை அந்த வரிசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்” என்றார் அவர். மூத்தவர் இணங்கவில்லை. “அதற்குச் செலவழிக்கும் பணத்தையும், வண்டியை விற்றால் வரும் பணத்தையும் சேர்த்தால் தங்கை மகளின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும். அத்தா இருந்தால் பிள்ளையின் படிப்பைத்தானே முதலில் பார்த்திருப்பார்?” என்றார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. ஆதலால்தான் விடை எளிதாகக் கிட்டவில்லை.

பழைய கார்களைக் கூட்டமாக ஓட்டிச் செல்லும் வழக்கம் எங்கே தோன்றியது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தானே இயங்கும் வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடி ஏந்திய ஆள் ஒருவன் நடந்து செல்ல வேண்டும் என விதித்தது. வேகமோ மணிக்கு நான்கு மைல்! 1896இல் அவ்வரம்பு பதினான்கு மைலாக உயர்த்தப்பட்டபோது, அந்த விடுதலையைக் கொண்டாட நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குக் கார்கள் புறப்பட்டன. 1927இல் அப்பயணத்தை நினைவுகூர்ந்து மீண்டும் நடத்தினர். போர்க்காலம் போன்ற இடைவெளிகள் நீங்கலாக இன்றும் அது நடந்து வருகிறது. 1905க்கு முற்பட்ட வண்டிகளுக்கே அங்கு இடம். நம் நாட்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964இல் தில்லியிலும், 1968இல் கல்கத்தாவிலும் இவ்வுலாவைத் தொடங்கி வைத்தது. அவற்றில் அரச குடும்பங்களின் வண்டிகள் பளபளத்து நின்றமையால், இது செல்வர் விளையாட்டு என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அவ்வெண்ணம் முழுவதும் தவறென்று நாம் கூறமாட்டோம்.

நம் கொங்குச் சீமையின் மோட்டார் வரலாறு வேறு வகைப்பட்டது. ஜி. டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்து நடத்தியவர். அவர் பெயரால் கோவை அவினாசி சாலையில் 2015இல் கார் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. இங்கே வண்டி முதலில் பிழைப்பாக வந்தது. அருங்காட்சிப் பொருளானது நெடுங்காலம் கழித்துத்தான்.

நாமக்கல்லில் இதைக் கண்ணாரக் காணலாம். தொழிற்சாலையிலிருந்து வெறும் அடிச்சட்டமும் எஞ்சினுமாக வரும் லாரிக்கு இங்குள்ள பட்டறைகளில் மரமும் இரும்பும் கொண்டு உடல் கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். அவை வட மாநிலங்கள் வரை சென்று மாதக்கணக்கில் தங்கிப் பொருளீட்டும். சங்ககிரியிலோ லாரித் தொழிலைச் சாராத குடும்பத்தைத் தேட வேண்டும். இச்சமவெளியில் சக்கரம் நின்றால் நட்டம். லாரிக்கு வயதாகிவிட்டால் அதைப் பிரித்து, எஞ்சினை ஒருவரும் அச்சை ஒருவரும் பலகையை ஒருவருமாக வாங்கிச் செல்வர்; யாரும் கண் கலங்குவதில்லை. வட்டி கட்டி வண்டி ஓட்டும் அம்மக்கள் முன்னால், வேலைக்கு உதவாத காரைத் துடைத்து மெருகேற்றி வரிசையில் ஓட்டிச் செல்வது எப்படித் தோன்றும்? வீண் விரயம் என்று ஒரு லாரிக்காரர் சொன்னால் அவரைக் குறை கூற இயலாது. பெட்ரோல் புகையைப் பற்றிக் கவலைப்படும் இளைஞர் சொன்னாலும் அப்படியே.

எனினும் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் கார் கிடைப்பதே அரிது. பம்பாயில் பிரிமியர் நிறுவனம் செய்த பியட்டுக்கும், வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடருக்கும் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சென்னையில் 1961 முதல் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தும் அந்தத் தட்டுப்பாடு தீரவில்லை. ஆகவே தெருவில் ஒரு வீட்டில் கார் இருந்தால் அது தெருவுக்கே கார். நள்ளிரவில் பேறுகால வலி எடுத்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையை ஏற்றி வந்ததும், மையித்துச் செய்தி கேட்டுக் கலங்கிய உறவினரை வெளியூருக்கு அழைத்துச் சென்றதும் அந்த ஒரே வண்டிதான். சேலத்துப் பியட்டும் அப்படி ஓடியதே. அதன் மதிப்பு தகட்டிலும் வண்ணத்திலும் இல்லை. அது ஆற்றிய பணியில் இருக்கிறது. அப்பணியை நினைவில் வைத்திருப்போர் இன்னும் அத்தெருவில் வாழ்கிறார்கள்.

எண்ணத்தைப் பொறுத்தே செயல் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தன் எண்ணத்தைத் தானே அளப்பது கடினம். பகட்டுக்குச் செய்பவனும் ‘நினைவைப் போற்றுகிறேன்’ என்றே கூறுவான். பல வேளைகளில் அதை அவன் நம்பவும் செய்வான். உலா நாளில் ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் மனத்தை அறிய முடியாது. ஏனைய முந்நூற்று அறுபத்து நான்கு நாள்களும் அந்த வண்டிக்கு யார், என்ன செய்தார்கள் என்று கேட்டால் ஓரளவு தெரியும்.

ஏனெனில் பழைய வண்டி பணத்துக்கு மட்டும் பணிவதில்லை. பியட்டின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிந்துபோயிற்று; அம்பாசடர் 2014இல் நின்றது. தேய்ந்த ஒரு புஷ்ஷைக் கடையில் கேட்டால் கைவிரிப்பார்கள். அளவெடுத்து லேத் பட்டறையில் கடைந்து போடத் தெரிந்த கை வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிப்போகும். அவற்றை மாற்ற வேண்டும். சேலத்து வெயிலில் எஞ்சினை ஒட்டியுள்ள பம்பும் குழாயும் கொதித்துப் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட்டின் இடைவெளியைத் தகட்டு அளவுகோலால் பார்த்து வைக்க வேண்டும். மலையேறிய கியரிலேயே மலையிறங்க வேண்டும். இல்லையேல் டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் முதன்முறை சேர்வோர்க்கு உகந்தவை அல்ல என்பதும் இதனால்தான். நான்கு வழிச் சாலையில் லாரிகள் சீறிப் பாயும்போது, பழைய கார் மல்லூரைக் கடந்து ராசிபுரம் ஊருக்குள் செல்லும் வழியை நாடுவதே நலம். வெயில் ஏறுமுன் புறப்படுதல், மெதுவாகச் செல்லும் வண்டியின் வேகத்துக்கே எல்லாரும் செல்லுதல், ஒன்று நின்றால் அடுத்தது நிற்றல் என்னும் உலாவின் ஒழுங்குகள், ஒட்டகங்களோடு பாலை கடந்த பயணக் கூட்டத்தாரின் ஒழுங்குகளுக்கு வெகு தொலைவானவை அல்ல.

இவ்வளவையும் அறிந்தவர் யார்? பெரும்பாலும் வண்டியின் உரிமையாளர் அல்லர். அந்தப் பியட்டை நாற்பது ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக். வீட்டார் அவரை மேஸ்திரி என்றே அழைப்பார்கள். லாரிப் பட்டறையில் தொழில் பழகிய கை அவருடையது. உலாவின் படங்களில் உரிமையாளர் ஸ்டியரிங்கைப் பிடித்து நிற்பார்; மேஸ்திரிகளை எந்தப் படத்திலும் காண்பதில்லை. செல்வத்தைக் காட்டுவதைவிட, பிறர் உழைப்பைத் தன் பெருமையாகக் காட்டுவதே இவ்வுலாக்களில் நாம் காணும் பெரிய குறை. மூத்தவர் பணத்தைப் பற்றிக் கூறிய தடையைக் காட்டிலும் இது கனமானது என்பது நம் கருத்து.

அக்குடும்பத்தின் வழக்கு, எதிர்பாராத ஓரிடத்தில் திரும்பியது. ‘விஏ’ பதிவுக்கு விண்ணப்பிக்க இளையவர் முனைந்தபோது, வண்டி இன்னும் அத்தாவின் பெயரிலேயே இருப்பது தெரிந்தது. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும் என்றார்கள். மார்க்கம் வகுத்த பங்கீட்டின்படி ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. ஆக ஐந்தில் ஒரு பங்கு தங்கையினுடையது. விற்பதா, ஓட்டுவதா என்று அண்ணன் தம்பி இருவரும் மாதக்கணக்கில் பேசினார்கள். தங்கை மகளின் படிப்பைச் சொல்லி ஒருவரும், அத்தாவின் நினைவைச் சொல்லி மற்றவரும் வாதிட்டார்கள். தங்கையை ஒருவரும் கேட்கவில்லை!

கையொப்பம் வாங்கச் சென்றபோதுதான் கேட்டார்கள். அவர் சொன்ன விடை சுருக்கமானது: “என் பங்குக்கு உரிய விலையைக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வண்டியை என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அதை ஓட்டுவதாக இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அத்தா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அதில்தானே?”

விலை மதிப்பிடப்பட்டது. இளையவர் மற்ற இருவருக்கும் உரிய பங்கைத் தம் சேமிப்பிலிருந்து கொடுத்து வண்டியைத் தம்முடையதாக்கிக் கொண்டார். மூத்தவர் தம் பங்கைச் சொன்னபடியே மருமகளின் படிப்புக்கென ஒதுக்கினார்.

உலா நாளன்று விடியலில், முன்னிருக்கையில் மேஸ்திரியும் பின்னிருக்கையில் தங்கையும் அமர்ந்தார்கள். ராசிபுரத்துக்கு அருகில் வண்டி நின்றுவிட்டது. மேஸ்திரி இறங்கி, கொண்டு வந்திருந்த துணியை நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். பின்னால் வந்த அம்பாசடர்காரரும் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அதே தொல்லை தமக்கும் உண்டென்று கூறி அவரிடம் விவரம் கேட்டறிந்தார். கால் மணி நேரத்தில் இரு வண்டிகளும் மரவள்ளித் தோட்டங்களினூடே மீண்டும் புறப்பட்டன. நாமக்கல்லுக்கு அவை வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் சிற்றுண்டியை முடித்திருந்தார்கள்.