நுரையீரலில் பிறப்பைத் தேடியவர்கள்

நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் வாய் வைத்து ஊதுவதற்கு முன்பே கணினிக்குச் சில விவரங்கள் வேண்டும். வயது, உயரம், ஆணா பெண்ணா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நுரையீரலின் அளவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நான்காவதாக ஒன்றையும் கேட்டார்கள்: எந்த இனம்?

கறுப்பர் என்று பதிந்தால், ஆரோக்கியமான ஒருவரிடம் எதிர்பார்க்க வேண்டிய அளவிலிருந்து 10 முதல் 15 விழுக்காட்டைக் கருவி தானே கழித்துக்கொள்ளும். ஆசியர் என்றால் 4 முதல் 6. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முட்ட இழுத்து, "ஊது, ஊது, இன்னும் ஊது" என்ற அதட்டலுக்குக் கண் பிதுங்க ஊதிக்கொண்டிருப்பவருக்கு இப்படி ஒரு கழித்தல் நடந்தது தெரியாது.

கணக்கைப் பார்ப்போம். மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று அறிய, முதல் நொடியில் வெளியேறிய காற்றை, ஊதித் தள்ளிய மொத்தக் காற்றால் வகுப்பார்கள். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட அடைப்பு நோய்க்கு 0.70க்குக் கீழே என்பது எல்லைக்கோடு. இந்த வகுத்தலை இனம் பெரிதாகப் பாதிப்பதில்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தரம் பிரிக்கும்போதுதான் அது உள்ளே வந்தது. ஒரே வயது, ஒரே உயரம் கொண்ட இரண்டு ஆண்கள் முதல் நொடியில் ஆளுக்கு 1.9 லிட்டர் ஊதுகிறார்கள் என்று வையுங்கள். வெள்ளையரிடம் எதிர்பார்த்தது 4 லிட்டர் என்றால் அவருக்கு 47.5 விழுக்காடு, 50க்குக் கீழே, கடுமையான நோய். கறுப்பருக்கு 15 விழுக்காடு கழித்தால் எதிர்பார்ப்பு 3.4 லிட்டராகிவிடும், அதே 1.9 லிட்டருக்கு 56 விழுக்காடு, நடுத்தர நோய். ஒரே திணறல், ஒரே காற்று. மருந்தும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் மட்டும் வேறு வேறு.

இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது? கருவியை உருவாக்கிய ஜான் ஹட்சின்சன் லண்டன் மருத்துவர். மாலுமி, காவலர், குத்துச்சண்டைக்காரர், ஏழை, கனவான் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதவைத்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். உயரம் கூடினால் மூச்சின் கொள்ளளவும் கூடுகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. அடுத்த சில ஆண்டுகளில் கருவி அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போனது. அங்கே சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பர்களின் நுரையீரல் வெள்ளையரைவிட 20 விழுக்காடு குறைவாக வேலை செய்கிறது என்றார். அடிமை உழைப்பே அவர்களுடைய இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது, ஆகவே அடிமைத்தனம் அவர்களுக்கு நல்லது என்பது அவருடைய வாதம். அடிமை தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி 1851இல் அதற்கு மருத்துவப் பெயரும் சூட்டியவர் இவரே. உள்நாட்டுப் போரின் வீரர்களுடைய உடல் அளவுகளைத் தொகுத்த பெஞ்சமின் கோல்டு 1869இல் வெளியிட்ட பெரிய நூல், அதே தாழ்ந்த எண்களை அறிவியல் அட்டவணையாக்கியது. அந்த அட்டவணையில் இருந்த கறுப்பர்களில் பலர் நேற்றுவரை விலங்கு பூட்டப்பட்டிருந்த மனிதர்கள். அந்த நுரையீரல்கள் எதைச் சுவாசித்து, எதைத் தின்று வளர்ந்தன என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டபோது, ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் இந்தக் கழித்தலைத்தான் கையில் எடுத்தது. கறுப்பின மனுதாரர்கள் தங்கள் பாதிப்பை நிரூபிக்க மற்றவர்களைவிடக் கடுமையான அளவுகோலைத் தாண்ட வேண்டும் என்று வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. அப்படி ஒரு வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கத் துணிவு தந்தது மருத்துவப் புத்தகம் அல்லவா?

அப்படியானால் அந்தச் சராசரி வேறுபாடு பொய்யா? பொய் இல்லை. அளந்தால் வேறுபாடு வருகிறது. பகுத்தறிவுக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: ஏன் வருகிறது? மொத்த உயரத்தில் காலுக்கும் நடுவுடம்புக்கும் உள்ள விகிதம் ஒரு பகுதியை விளக்குகிறது. குறை எடையோடு பிறப்பது, சத்தில்லாத உணவு, சின்ன வயதில் திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி, நெடுஞ்சாலைக்கும் ஆலைக்கும் பக்கத்து வீடு ஆகிய எல்லாமே வளரும் நுரையீரலைக் குறுக்குகின்றன. நூறாண்டு அநீதி ஒரு கூட்டத்தின் நெஞ்சைச் சுருக்குகிறது. பிறகு அந்தச் சுருங்கிய நெஞ்சையே அளந்து, "இவர்களுக்கு இதுதான் இயல்பு" என்று எழுதிக்கொள்கிறோம். செய்த கேடு அத்தனையும் பிறவிக் குணமாகிவிடுகிறது. கர்மவினை என்று சொல்லி ஏழையின் வாயை அடைத்தவர்களுக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது சாத்திரம், இவர்களிடம் இருந்தது மென்பொருள்.

2023இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனத்தைக் கேட்காத சூத்திரத்தையே பயன்படுத்தச் சொல்லிவிட்டது. இதிலும் சிக்கல் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. கழித்தலை நீக்கினால் கறுப்பர்களின் விழுக்காடு இறங்கும். நோய் சீக்கிரம் பிடிபடும், உதவித்தொகை கூடும். அதே எண்ணைக் காட்டி நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்யத் தயங்குகிற மருத்துவரும், தீயணைப்பு வேலை தர மறுக்கிற அதிகாரியும் வரலாம். ஒரு மனிதனின் வாழ்வை ஒற்றை விழுக்காட்டில் தொங்கவிடுவது தவறு என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். இனக் கழித்தலைத் திரும்பக் கொண்டுவர இது காரணமாகாது.

ஆசியர் என்ற அந்த 4 முதல் 6 விழுக்காட்டுக்குள் அமெரிக்காவில் வாழும் தமிழர்களும் அடங்கியிருந்தார்கள். நம் ஊரில் வேறு வழி நடந்தது. 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் இங்குள்ள ஆரோக்கியமான இளைஞர்களையே அளந்து சூத்திரம் வகுத்தார்கள். தேவையான உழைப்பு அது. ஆனால் எந்த ஊரில் அளந்தாலும் யாரை ஆரோக்கியமானவர் என்று எடுக்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது. பீடியே தொடாத பெண், ஆனால் இருபது ஆண்டு விறகடுப்புப் புகையில் சோறாக்கியவர். அவருடைய ஊதலை "இயல்பு" என்று பதிந்தால், புகை தின்ற பங்கும் சேர்ந்தே இயல்பாகிவிடும்.

சாதிக்கென்று கழித்தல் அட்டவணை எந்தக் கருவியிலும் இல்லை. மனத்தில் இருக்கிறது. குவாரித் தூசியில் இருமுகிறவரையும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி ஏறி மூச்சு வாங்குகிறவரையும் பார்த்து, "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம், தாங்கும் உடம்பு" என்று சொல்கிறோமே, அது எத்தனை விழுக்காடு கழித்தல்? இவர்களில் எத்தனை பேரை வேலையில் சேர்ந்த அன்று ஊதவைத்து எண்ணைக் குறித்து வைத்திருக்கிறோம்? நாள்பட்ட மூச்சு நோயில் ஒருவருடைய இன்றைய ஊதலை அவருடைய பழைய ஊதலோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. அதற்கு இனமும் வேண்டாம், பிறப்பும் வேண்டாம். பழைய எண் ஒன்று இருந்தால் போதும். அந்த எண்ணை எடுத்துவைக்கும் கடமை, அவர்களைத் தூசிக்குள்ளும் தொட்டிக்குள்ளும் அனுப்பும் முதலாளிக்கும் நகராட்சிக்கும் உரியது.