களைத்த உடலும் கடன்பட்ட சமூகமும்

உழைப்பின் உயர்வைப் போற்றாத சமூகம் இல்லை. உழவும் கடற்றொழிலும் புகழப்பட்டன. வீரனின் தோள்வலி வியக்கப்பட்டது. ஆயின், உழைத்த உடல் மீண்டெழுவதற்கு வேண்டிய ஓய்வைப் பற்றி அறநூலார் மிகுதியாகச் சிந்தித்தனர் எனக் கூறுதற்கில்லை. சோம்பலைக் கடிந்துரைத்த அளவிற்குக் களைப்பை அவர்கள் ஆராயவில்லை. ஓய்வு என்பது உழைத்தவனுக்கு அளிக்கப்படும் பரிசா? மேலும் உழைப்பதற்கு அவனைச் செப்பனிடும் உபாயமா? அன்றி, அவனுக்குரிய உரிமையா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வினா மருத்துவருக்கோ விளையாட்டுப் பயிற்றுநருக்கோ உரியதாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின், இது ஒழுக்கவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று என்பது புலனாகும்.

இவ்வினாவை வெறும் கருத்துலகில் நிறுத்தாது ஓர் ஊரின் மணற்பரப்பில் வைத்து நோக்குதல் பயனுடையது. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், நிந்தவூருக்குத் தெற்கே அமைந்தது ஒலுவில். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. 1995ஆம் ஆண்டு தோற்றம் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் இவ்வூரிலேயே உள்ளது. இத்தகைய ஊரின் கடற்கரையில் இருவகை உடல்கள் களைப்படைகின்றன. ஒன்று, ஓட்டத்திற்கோ உதைபந்தாட்டத்திற்கோ கபடிக்கோ தன்னை ஆயத்தப்படுத்தும் இளைஞனின் உடல். மற்றொன்று, கரைவலை இழுப்பவனின் உடல்.

கரைவலையின் முறை யாவரும் அறிந்ததே. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி கடலுட் சென்று, வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுதலைப்பைக் கரைக்குக் கொண்டுவரும். பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் பற்றி, மணலிற் குதிகால் புதையப் பின்னோக்கி நடந்து இழுப்பர். மடி கரையேறும்வரை அவ்விழுப்பு நீளும். இளைஞன் செய்வது பயிற்சி எனப்படுகின்றது. இவர்கள் செய்வது தொழில் எனப்படுகின்றது. மாலையில் இளைஞனுக்கு நேர்வது ‘மீட்சிக்குரிய களைப்பு’. இவர்களுக்கு நேர்வது வெறும் ‘அலுப்பு’. சொல்லில் உள்ள இவ்வேறுபாடு தசையில் உண்டா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

உடலியல் அவ்வேறுபாட்டை அறியாது. பழக்கமற்ற கடும் உழைப்பின்போது, குறிப்பாக இழுவிசைக்கு எதிராகத் தசை நீண்டுகொண்டே தாங்கும் வேளையில், தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உழைப்பு முடிந்து 24 மணி முதல் 72 மணி நேரத்தினுள் உச்சம்பெறும் நோவு இத்தகைய சிதைவினாலாகலாம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். தசையிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் கடும் உழைப்பினால் தீர்ந்துவிடின், போதிய மாப்பொருள் உண்டபோதும் அது மீண்டும் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். தசையினும் மெதுவாகவே தசைநாண் தன்னைத் திருத்திக்கொள்ளும். உறக்கமின்றி இவை செம்மையாக நிகழா.

இவற்றினின்று பெறப்படும் உண்மை வியப்புக்குரியது. உழைப்பு நேரடியாக வலிமையைத் தருவதில்லை. வலிமை வேண்டுமென்ற செய்தியை மட்டுமே அது உடலுக்கு அறிவிக்கின்றது. வலிமை உருவாவது அதன் பின்வரும் ஓய்விலேயாம். ஆதலின் ஓய்வு உழைப்பின் எதிர்ப்பதமன்று; உழைப்பின் இரண்டாம் பாதி. முதற்பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதியை மறுப்பவன், பாதி விலைக்கு முழுப்பொருளைக் கொள்பவனை ஒப்பான்.

இவ்வுண்மையை முன்னோர் வேறு மொழியில் உணர்ந்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் மற்போர் அடிமைகளுக்கு மருத்துவராயிருந்த கேலன், பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலைத் தேய்த்துவிடும் முறைகளை விரித்தெழுதினார். இப்னு சீனா (980-1037) தமது மருத்துவப் பேரேட்டில், பயிற்சிக்கு ஆயத்தஞ்செய்யும் தேய்ப்பு, பயிற்சியின் பின் உடலை மீட்கும் தேய்ப்பு என இவற்றைப் பிரித்துக் காட்டினார். தமிழர் சித்தமருத்துவம் இதனைத் தொக்கணம் என வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுத்தது. கிழக்கிலங்கையிலும் முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெய்க் கிண்ணமும் ஒத்தணமும் பல தலைமுறையினரின் நோவைத் தணித்து வந்துள்ளன.

இங்கு அறிவின் நேர்மை பற்றிய ஒரு சிக்கல் எழுகின்றது. பயிற்சியின்போது வெளியேறாது தசையிற் தங்கிவிட்ட கழிவுகளைத் தேய்ப்பு அகற்றும் என்பது இப்னு சீனாவின் விளக்கம். இருபதாம் நூற்றாண்டினரும் ‘கழிவு’ என்பதற்குப் பதிலாக ‘இலக்றிக் அமிலம்’ என்ற பெயரை வைத்து அதே விளக்கத்தைத் தொடர்ந்தனர். ஆனால் அவ்வமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தினுள் தானே குறைந்துவிடுகின்றது. மறுநாள் நோவுக்கு அது காரணமன்று. தேய்ப்பினால் வலிமையோ வேகமோ தாங்குதிறனோ பெருகுவதில்லை என்றும், தசைநோவு சிறிதளவு தணிவதும் நெகிழ்ச்சி சிறிதளவு கூடுவதுமே காணப்படுகின்றன என்றும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த மதிப்பீடொன்று கூறுகின்றது.

அவ்வாறாயின், பத்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக மனிதர் ஏமாந்தனரா? விளக்கம் பிழைபட்டமையால் செயலும் வீண் என முடிவு செய்தல் பொருந்தாது. நோவு சிறிதளவேனும் தணிதல், நொந்தவனுக்குச் சிறிய காரியமன்று. அன்றியும், நீவுகின்ற கை உடலின் எப்பகுதி எங்கு இறுகியது, எங்கு தொட்டாற் சுருங்குகின்றது என்பதைக் கேட்டறிகின்றது. நாள் முழுவதும் கருவியாகப் பயன்பட்ட உடல், அவ்வேளையில் மட்டும் ஒரு மனிதனின் உடலாக மதிக்கப்படுகின்றது. தொடுகையின் அறப்பெறுமானம் இம்மதிப்பிலேயே தங்கியுள்ளது.

எனினும், தணிக்கும் கையே தவறிழைக்கும் கையாகவும் மாறலாம். நோவு உடலின் சாட்சி. அச்சாட்சியைக் கேட்டு அதன் காரணத்தை நீக்குதல் வேறு. அதன் வாயை அடைத்தல் வேறு. காயமுற்ற ஆட்டக்காரனுக்குத் தைலம் பூசி, நோவடக்கும் மருந்து கொடுத்து, இறுதிப் போட்டிக்காக அன்று மாலையே களத்தில் இறக்குவோர் செய்வது மருத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது சாட்சியைக் கலைத்தலாகும். பயன்தரும் தணிப்புங்கூட வேளையறிந்து செய்யப்படல் வேண்டும். பளுப்பயிற்சியின் பின் ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் அமிழ்வது நீண்டகாலத் தசைவளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விரைவாகப் பெறும் சுகம் சிலவேளை மெதுவாகப் பெறவேண்டிய நலத்தைத் தடுத்துவிடுகின்றது. ஆதலின், ‘இவன் எப்போது மீண்டும் உழைப்பான்?’ என்று மட்டும் வினவும் பராமரிப்பு, பராமரிப்பு ஆகாது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். ஓய்வு செயலின்பொருட்டே கொள்ளப்படுகின்றது, அது தன்னளவில் இலக்கு அன்று என்று அரிஸ்ரோட்டில் உரைத்தார் அல்லரோ? உண்மையே. ஆனால் யாருடைய செயலின்பொருட்டு என்பதே வினா. தன் செயலுக்காகத் தான் ஓய்வெடுப்பவன் சுதந்திரன். பிறன் ஒருவனின் ஆதாயத்திற்காக மட்டும் ஓய்வளிக்கப்படுபவன், எண்ணெய் ஊற்றப்படும் இயந்திரத்தின் நிலையினன். பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய தோழர் ஒருவரைத் தடுத்து, அவரது உடலுக்கும் அவர்மீது உரிமையுண்டு என நபிகள் நாயகம் (ஸல்) உணர்த்திய செய்தி இக்கரையோர ஊர்களில் நன்கு அறியப்பட்டது. வணக்கத்தையே காரணங்காட்டி மறுக்க முடியாத உரிமையை, வருவாயைக் காரணங்காட்டி மறுத்தல் எங்ஙனம் தகும்? உடல் ஓர் அமானிதம் எனின், அதனைத் தாங்குபவன் மட்டுமன்றி அதன் உழைப்பைப் பெறுபவனும் அவ்வமானிதத்திற்குப் பொறுப்பாளியாகின்றான்.

இவ்விடத்தே ஒலுவில் மணலின் இரு உடல்களும் வேறுபடுகின்றன. தசையில் இல்லாத வேறுபாடு வாழ்நிலையில் உண்டு. பயிற்சிபெறும் இளைஞன் ஒரு நாள் ஓய்ந்தால், மறுநாள் அவனது இடம் அவனுக்காகக் காத்திருக்கும். பிடிபட்ட மீனின் விலையிற் பங்கு பெறுபவனோ, கயிற்றைப் பற்றாத நாளிற் பங்கையும் இழக்கின்றான். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் ஓய்வை மனித உரிமையாக அறிவித்தது. இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரவிடுமுறையை உறுதிசெய்தது. சர்வதேசத் தொழிலமைப்பின் 2007ஆம் ஆண்டு மீன்பிடித் தொழிற் சமவாயம், மூன்று நாளுக்கு மேற் கடலில் தங்கும் கலங்களில் உள்ளோர்க்கு 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் குறைந்தபட்ச ஓய்வாக விதித்தது. கரையில் நின்று கயிறிழுப்பவனின் அலுப்பு இம்மணிக்கணக்குகளுள் அடங்கவில்லை.

அவன் தானே விரும்பி வருகின்றான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பர் சிலர். உலைப்பானை கொதியாது என்ற அச்சத்தில் எழும் விருப்பத்தை முழுமையான சுயவிருப்பு எனக் கொள்ளல் அரிது. வேறு சிலர், இயந்திரம் வந்தால் மனிதனுக்கு ஓய்வு தானே கிட்டும் என்பர். அம்பாறை வயல்களே இதற்கு விடை பகர்கின்றன. அரிவாளுடன் பலர் குனிந்து நின்ற வயலில் இன்று அறுவடை இயந்திரம் ஓடுகின்றது. முதுகின் நோவு நீங்கியது. அதனோடு அறுவடைக் கூலியும் நீங்கியது. கடற்கரையும் இதனையே கூறும். ஒலுவில் துறைமுகப் பணிகள் 2008இல் தொடங்கின. 2013இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதன் அமைப்பினால் மணலோட்டம் தடைப்பட, வடபாற் கரையைக் கடல் அரித்தது. துறைமுக வாயிலை மணல் தூர்த்தது. தோணி ஏற்றவும் வலை இழுக்கவும் உரிய கரையை இழந்தவனுக்கு நேரம் உண்டு, உறக்கமும் உண்டு. ஆயினும் அதனை ஓய்வு என்று யாரும் கூறார்.

ஏன் கூறார் என்பதை ஆராயின், ஓய்வின் இலக்கணம் தெளிவாகின்றது. உழைப்பின்மை ஓய்வன்று. திரும்பிச் செல்லும் இடம் உறுதியாயிருக்க, உடல் தன்னை மீட்டுக்கொள்ளும் இடைவேளையே ஓய்வு. அவ்வுறுதியைத் தனிமனிதன் தானே தனக்கு அளித்துக்கொள்ள இயலாது. எண்ணெயைத் தன் கையாற் பூசிக்கொள்ளலாம். நாளை தன் இடம் தனக்கே என்ற உறுதியைப் பிறரே தரவேண்டும். ஆதலின் ஓய்வு பரிசுமன்று, உபாயம் மட்டுமன்று. உழைப்பின் பயனைப் பகிர்ந்துகொள்வோர் உழைத்த உடலுக்குச் செலுத்தவேண்டிய கடன். அக்கடனைத் தீர்க்கும் வழிகள் நடைமுறைக்கு ஒவ்வாதனவல்ல. முறைவைத்து இழுப்போரை மாற்றுதலும், நோயுற்ற நாளுக்கும் பங்கில் ஒரு பகுதியை ஒதுக்குதலும், விளையாட்டு வீரனுக்குக் கற்பிக்கப்படும் உடற்காப்பு அறிவைத் தொழிலாளிக்கும் எட்டச்செய்தலும் கூட்டு முயற்சியால் இயலக்கூடியவை. கடற்கரையை அண்டி அமைந்த பல்கலைக்கழகம் ஒன்றிற்கு இவற்றுள் இறுதியானது தொலைவான பணியுமன்று.

கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலில், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஏற்றுப்பாடுவர். அவ்விரண்டிற்கும் இடையே கைகள் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கணம் மூச்சு வாங்கும். அக்கணத்தில் எவரும் கயிற்றை விடுவதில்லை. எவரும் தனித்து ஓய்வதுமில்லை. ஒருவரின் மூச்சுக்காக மற்றவர் பாரத்தைத் தாங்கி நிற்கும் அச்சிறு இடைவேளையை நாள்களுக்கும் ஆண்டுகளுக்கும் விரித்தலே, களைத்த உடலுக்குச் சமூகம் பட்ட கடனைத் தீர்க்கும் வழியாகும்.